எது முதலில், எது அப்புறம்: எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் ஒரு பினாங்குப் பெண்ணின் இரண்டு ஆண்டுகள்

வயது 44. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் லைன் லீடர். வீடு பாலத்துக்கு மறுபக்கம், பிறையில். கணவர் லாரி ஓட்டுநர். பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 104 கிலோ, உடல் நிறை குறியீடு 42.7. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரைகள் எடுத்தும், இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கூடவே இரத்த அழுத்தம், இரண்டு முழங்கால்களிலும் வலி, தூக்கத்தில் மூச்சு தடைபட்டு விழித்துக்கொள்ளும் தொல்லை. தைப்பூசம் முடிந்த கையோடு இவருக்கு 'ஸ்லீவ்' எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை செய்யப்பட்டது.

அறுவைக்கு முன்பிருந்தே இவருடைய உணவு ஆலோசகர் நான். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பரோஸ்கோப்பி முறையில் நடந்தது, சிக்கல் எதுவும் வரவில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். இந்த ஆய்வு அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. அறுவைக்குப் பின் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல கையேடுகள் ஏராளமாக இருக்கின்றன. எதை முதலில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, ஒன்று நிலைத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவற்றை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த அக்காவின் கதையில் எல்லாம் அதைப் பொறுத்தே நடந்தன.

அறுவைக்கு முன்

முதல் சந்திப்பில் அவர் சாப்பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டேன். விடிகாலை பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தே தாரிக். ஆலை கேன்டீனில் பசியாற ரொட்டி சானாய் இரண்டு, இன்னொரு தே. மதியம் சோறு, குழம்பு, பொரித்த கோழி. மாலை இடைவேளையில் மறுபடி தே, பிஸ்கட். வீடு திரும்ப இரவு எட்டாகும். சமைக்கும்போதே அதிலும் இதிலும் வாயில் போட்டுக்கொள்வார். ஒன்பதரைக்குச் சோறு, பத்தரைக்குப் படுக்கை. இரவு ஷிப்ட் வாரங்களில் இதெல்லாம் தலைகீழாகிவிடும்.

எடை குறைக்க அவர் முயலாத வழி இல்லை. ஸ்லிம்மிங் தேநீர், தோழி விற்ற ஷேக் மாவு, அரிசியை அறவே விடுவது என்று எல்லாம் செய்து பார்த்திருக்கிறார். என் கவனத்தை இழுத்தது வேறொன்று. ஒவ்வோர் ஆண்டும் தைப்பூச விரதத்தில் நாலைந்து கிலோ குறைப்பாராம். ஒருபொழுது மட்டும் சாப்பாடு, சுத்த சைவம், வெளிச் சாப்பாடு கிடையாது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பங்குனி உத்திரம் வருவதற்குள் அத்தனை கிலோவும் திரும்பியிருக்கும்.

இவருக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முடியும் நாள் தெரிந்த எந்தக் கட்டுப்பாட்டையும் அவரால் அப்பழுக்கில்லாமல் தாங்க முடிந்தது. முடிவு நாள் இல்லாத ஒன்றை அன்றாட வேலைகளோடு சேர்த்துப் பழகிக்கொள்ள மட்டும் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எனவே அறுவைக்குப் பிந்தைய உணவுமுறையையும் அவர் இன்னொரு விரதமாகவே எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படித்தான் நடந்தது. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரத் திரவ உணவு கல்லீரலைச் சுருக்குவதற்காகத் தரப்படுவது. பலர் அதில் திணறுவார்கள். அக்கா முகம் சுளிக்காமல் முடித்துவிட்டு, "அப்புறம் எத்தனை வாரம் மிஸ்?" என்று கேட்டார்.

வயிற்றில் என்ன மாறுகிறது

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழாய். தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிலிட்டர்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் வெட்டிய பாகத்தோடு போய்விடுகிறது. அதனால்தான் முதல் சில மாதங்கள் பசியே தெரிவதில்லை. உண்மையில் அறுவை நமக்குத் தரும் பெரிய கொடை இதுதான் என்பது என் எண்ணம். பசி தொல்லை செய்யாத ஒரு காலம் கிடைக்கிறது. அந்தக் காலம் நிலைத்திருப்பதில்லை. ஓராண்டுக்குப் பக்கத்தில் பலருக்குப் பசி மெல்லத் திரும்புகிறது, குழாயும் கொஞ்சம் விரிகிறது. அதற்குள் எதெல்லாம் யோசிக்காமலேயே நடக்கும் பழக்கமாகிவிட்டதோ, அதுதான் பிறகு கைகொடுக்கும்.

வீட்டுக்குப் போகும்போது கொடுக்கப்படும் தாளில் இருபதுக்கும் மேற்பட்ட விதிகள் இருக்கும். புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும், ஒன்றரை லிட்டர் தண்ணீர், சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் குடிக்கலாம், நன்றாக மெல்ல வேண்டும், நடக்க வேண்டும், ஐந்து வகை மாத்திரை, இனிப்பு வேண்டாம், வாயு நிறைந்த பானம் வேண்டாம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் சரியான விதிதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால் விரதம் மாதிரி கொஞ்ச காலம் ஓடும், அவ்வளவுதான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. 96 பேர், ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம். அது தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமட்டம் 66 நாள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு முறை தவறியதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. அக்காவுக்கு நான் முதலில் எடுத்துச் சொன்னது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். விரதத்தில் ஒரு நாள் தவறினால் எல்லாமே கெட்டுவிட்டதாகத் தோன்றும். இங்கே அப்படிக் கணக்கு வைக்க வேண்டாம் என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அறுவை மருத்துவர், தாதி, நான் மூவரும் பேசி ஒரு வரிசை போட்டோம். உடலுக்கு ஆபத்து எதில் அதிகமோ அது முதலில். ஒன்று பழகிய பிறகே அடுத்தது. பழகிவிட்டதா என்பதை ஒரு கேள்வியால் சோதித்தோம்: "நேற்று இதை எப்போது செய்தீங்க?" என்று கேட்டால் அவர் யோசித்துச் சொல்ல வேண்டும். உடனே பதில் வந்தால் இன்னும் அதை மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கொஞ்சம் விழித்துவிட்டு, "எப்பவும் போலத்தான் மிஸ்" என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

முதல் படி: தண்ணீரும் மாத்திரையும்

முதல் ஆறு வாரம் வீட்டில் இருந்தார். மிடறு மிடறாகத் தண்ணீர் குடிப்பது பெரிய வேலையாக இல்லை. வேலைக்குத் திரும்பியதும் சிக்கல் வந்தது. அவர் வேலை செய்வது தூசி புகாமல் காக்கப்படும் கிளீன் ரூமில். உள்ளே பாட்டில் கொண்டுபோக முடியாது. வெளியே வந்து குடிக்க வேண்டுமென்றால் மேலாடை, தலைமூடி, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப மாட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், அடர்த்தியான சிறுநீர். பழைய ஆளாக இருந்தால் இடைவேளையில் ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்துச் சமாளித்திருக்கலாம். இந்தக் குழாய் வயிற்றில் அது முடியாது.

வழி இரண்டு சேர்ந்து வந்தது. மருத்துவர் கடிதம் கொடுத்தார், ஆலை நிர்வாகம் காலையிலும் பிற்பகலிலும் கூடுதலாகப் பத்து நிமிட இடைவேளை அனுமதித்தது. இது கேட்டால் கிடைக்கக்கூடியதுதான், பலர் கேட்பதில்லை. இரண்டாவது, பஸ் பயணம். பிறையிலிருந்து பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் போய்ச் சேர நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகும். போகும்போது ஒரு பாட்டில், வரும்போது ஒரு பாட்டில் என்று வைத்தோம். சீட்டில் உட்கார்ந்தால் மூடியைத் திறப்பது வழக்கமாயிற்று.

எங்கள் கிளினிக் அட்டையில் எல்லாமே மணிக் கணக்கில்தான் இருக்கும், 'காலை 8 மணிக்கு இரும்பு மாத்திரை' என்பதுபோல. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, பகலும் இரவும் மாறி மாறி வரும் ஒருவருக்கு எட்டு மணி என்பது ஒரு வாரம் விழிப்பு, மறுவாரம் தூக்கம். அதனால் நேரத்தை விட்டுவிட்டு, ஷிப்ட் எதுவானாலும் நடந்தே தீரும் காரியங்களோடு மாத்திரையைச் சேர்த்தோம். எழுந்து பல் துலக்கியதும் மல்டிவைட்டமின். முதல் இடைவேளையில் மேலாடையைக் கழற்றியதும் இரும்பு. வீட்டில் விளக்கேற்றியதும் கால்சியம். கால்சியம் டப்பாவையே சாமி மேடைக்குக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டார். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது; குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரும் இரும்புக்குப் பகை. மேலாடைக்கும் விளக்குக்கும் நடுவில் எப்படியும் பல மணி நேரம் இருந்ததால் இந்தக் கணக்கை அவர் நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

நீரிழிவு மாத்திரைகளில் கிளிக்லசைடை அறுவை முடிந்ததுமே மருத்துவர் நிறுத்திவிட்டார். உணவு இவ்வளவு குறையும்போது அதைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இந்த மாற்றத்தை நோயாளியே செய்துகொள்ளக் கூடாது, மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: புரதம் முந்தி, மெதுவாக

இங்கேதான் மாமியார் வருகிறார். மருமகளை அவர் கவனித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை அரிசிக் கஞ்சி வைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தார். உடம்பு தேறக் கஞ்சிதான் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. ஆனால் நாலைந்து கரண்டிதான் கொள்ளும் வயிற்றை வெறும் மாவுச்சத்தால் நிரப்பினால் புரதத்துக்கு இடமே இருக்காது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

கஞ்சியை நிறுத்தச் சொல்லியிருந்தால் அத்தை என்னை ஏற்றிருக்கமாட்டார். அரிசியில் பாதியைப் பாசிப்பருப்பாக்கி, வேகவைத்த கெம்போங் மீனை முள்ளெடுத்து மசித்து அதில் சேர்க்கச் சொன்னேன். அவர் அதோடு நிற்கவில்லை. முட்டையின் வெள்ளையை அடித்துக் கொதிக்கும் கஞ்சியில் ஊற்றிக் கலக்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார். இன்று எங்கள் கிளினிக்கில் மற்றவர்களுக்கும் அந்தக் கஞ்சியைச் சொல்லித் தருகிறோம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம், முட்டையும் கிடையாது. புரதக் கணக்கு விழும் நாள் அதுதான். மலேசியாவில் இதற்குக் கையருகே இருக்கும் விடை, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே. 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். பல தமிழ் வீடுகளில் தெம்பே வாங்கும் வழக்கமே இல்லை, சந்தையில் பார்த்தும் தாண்டிப் போய்விடுவோம். அக்கா வீட்டில் அதைச் சின்னத் துண்டுகளாக்கி, சோம்பும் மிளகும் போட்டுப் பிரட்டியபோது பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தவ்ஹு, கெட்டித் தயிர், கொண்டைக்கடலை எல்லாம் சேர்ந்து வெள்ளிக்கிழமையும் 60 கிராமை எட்டியது.

நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு பலருக்குத் தெரியும்: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ. பொதுமக்களுக்கு அருமையான வழிகாட்டி. அறுவை முடிந்த முதல் ஆண்டில் அதை அப்படியே பின்பற்றினால் புரதம் போதாது. அக்காவுக்கு நாங்கள் சொன்னது அளவைவிட வரிசை: தட்டில் எது இருந்தாலும் முதல் வாய் மீன், முட்டை, பருப்பு. அப்புறம் காய். இடமிருந்தால் சோறு.

மெதுவாகச் சாப்பிடுவதுதான் மிகக் கடினமாக இருந்தது. கேன்டீன் இடைவேளை அரை மணி நேரம். உடை கழற்ற, வரிசையில் நிற்க, திரும்ப மாட்ட என்று பாதி போய்விடும். இருபது ஆண்டுகளாக ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டுச் சோற்றை முடித்துப் பழகியவரிடம் ஒவ்வொரு வாயையும் இருபது முறை மெல்லுங்கள் என்றால் நடக்குமா? மூன்றாம் மாதம் ஓர் உறவினர் கல்யாணத்தில், பேச்சு மும்முரத்தில் ரொட்டி சானாய்த் துண்டு ஒன்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டார். நெஞ்சுக்குக் கீழே அடைத்து, வாயெல்லாம் நுரைநுரையாக உமிழ்நீர் ஊறி, ஒரு மணி நேரம் கழிப்பறையிலேயே நின்றார். ரொட்டி, காய்ந்த கோழி நெஞ்சுக்கறி, கெட்டியான சோறு மூன்றும் இப்படி அடைக்கக் கூடியவை. அதற்கு அடுத்த நாட்களிலும் வாந்தி தொடர்ந்ததால் உடனே வரச் சொல்லி வைட்டமின் பி1 கொடுத்தோம். அறுவைக்குப் பின் விடாமல் வாந்தி எடுத்தால் இந்தச் சத்து சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையையும் நரம்பையும் தாக்கும். 'கொஞ்சம் வாந்திதானே' என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து.

அதன் பிறகு அவர் மதியச் சாப்பாட்டைச் சின்ன டப்பாவில் வீட்டிலிருந்தே எடுத்துப்போனார். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமானது. டப்பாவில் பாதி முதல் இடைவேளைக்கு, பாதி இரண்டாவதுக்கு. குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டியைப் பயன்படுத்தினார். மேசையில் தண்ணீர் டம்ளர் வைப்பதை வீட்டில் எல்லோருக்குமே நிறுத்திவிட்டார் அத்தை. பக்கத்தில் டம்ளர் இருந்தால் கை தானாகப் போகும். இல்லாவிட்டால் யாரும் தேடுவதில்லை.

தே தாரிக்கை இந்தக் கட்டத்தில் நான் தொடவே இல்லை. சக ஊழியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. முதல் நாளே வெட்ட வேண்டும் என்றார். என் கணிப்பு வேறு. முதல் மாதங்களில் அக்காவுக்கு இனிப்பே குமட்டியது, அரை கப்புக்கு மேல் இறங்கவில்லை. இனிப்பான திரவம் குழாய் வயிற்றில் தங்காமல் வழுக்கிப் போகும், வயிறு நிறைந்த உணர்வும் தராது. அதனால் நாவு பழையபடி ஆகும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில்தான் அதன் ஆபத்து தொடங்குகிறது. அப்போது ஆரம்பித்தோம். முதலில் இனிப்பைக் குறைத்த 'கூராங் மானிஸ்'. பிறகு பால் இல்லாத தே ஓ. பிறகு சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். மாமாக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டதும் கேட்காமலேயே கோசோங் போட ஆரம்பித்தபோது அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டேன்.

இடையில் நழுவியது

நான்காம் மாதம் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. வேகமாக எடை குறையும்போது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இது பலருக்கு வரும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் நேரில் பார்க்கும்போது பயந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா, மாத்திரை சூடு என்றார். இரும்பு மாத்திரையால் மலம் கறுத்து இறுகியதும் சேர்ந்துகொள்ள, அதை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். ஆறாம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11, இரண்டுமே குறைவு. வயிற்றுக்கு இதமான வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மருத்துவர் மாற்றினார். அவரைக் கண்டிக்கவில்லை. விட்டதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டுமே நியாயமானவை. அவற்றை எங்களிடம் சொல்லத் தயங்கியதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அப்போதிலிருந்து ஒவ்வொரு சந்திப்பிலும் "எதை விட்டீங்க?" என்றுதான் தொடங்குகிறேன், "எல்லாம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும்.

நடையும் முதலில் தோற்றது. தாமான் திடலில் காலையில் அரை மணி நேரம் என்று திட்டம். பகல் ஷிப்ட்டில் விடிவதற்கு முன்பே பஸ். இரவு ஷிப்ட்டில் காலையில் கண் சொருகும். ஒரு மாதத்தில் கைவிட்டார். அப்புறம் ஆலைக்குள்ளேயே இடம் தேடினோம். பஸ் இறக்கிவிடும் நேரத்துக்கும் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் நடுவில் இருபது நிமிடம் சும்மா இருந்தது. எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். கூரை போட்ட கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடக்க ஆரம்பித்தார். மழை, வெயில் எதுவும் தடையில்லை. இரண்டு மாதத்தில் லைனிலிருந்து மூன்று பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். முழங்கால் வலி குறைந்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்த்தோம், தசைக்காக.

தைப்பூசம்

அறுவைக்கு ஓராண்டு ஆகும்போது தைப்பூசம் வந்தது. வழக்கம்போல விரதம் இருக்க வேண்டும் என்றார். இந்தக் கேள்விக்கு எங்கள் கையேடுகளில் விடை இல்லை. நம்மவர்களைப் பார்க்கும் எந்த எடைக் குறைப்பு மருத்துவமனையும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருபொழுது சாப்பாடு இவருக்கு ஆகாது. ஒரே வேளையில் 60 கிராம் புரதம் கொள்ளும் வயிறு அவரிடம் இல்லை. சைவம் ஆகும், தரையில் படுப்பதும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் ஆகும். அவரே கோயில் பெரியவர் ஒருவரிடம் பேசினார். உடல்நிலைக்காக நான்கு சிறு வேளையாகச் சாப்பிடுவதில் குறையில்லை என்று அவர் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்தது. தெம்பே, தவ்ஹு, பருப்பு, தயிர், மாத்திரைகள் எல்லாவற்றோடும் விரதம் இருந்தார். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறினார். முந்தைய சில ஆண்டுகளில் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தவர்.

அப்போது எடை 73.5 கிலோ. 30 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது, அதாவது தொடக்க எடையில் 29 விழுக்காடு. எச்பிஏ1சி 6.0. இரத்த அழுத்த மாத்திரை பாதியானது.

பசி திரும்பியபோது

இந்த ஆய்வின் முக்கியமான பகுதி இனிதான். அறுவைக்குப் பிந்தைய முதல் தீபாவளியை அவர் வெகு எளிதாகக் கடந்திருந்தார். திறந்த இல்ல உபசரிப்புகளில் ஒரு முறுக்கைக் கிள்ளி வைத்துவிட்டு வந்துவிடுவார். வென்றுவிட்டோம் என்று குடும்பமே மகிழ்ந்தது. ஆனால் அப்போது பசி இல்லை. அது சோதனையே அல்ல.

பதினான்காம் மாதம் ஒரு நாள், "மிஸ், பழையபடி பசிக்குது" என்றார், குற்றம் செய்தவர் போல. இரவு ஷிப்ட்டில் மூன்று மணிக்குப் பிஸ்கட், வீட்டில் சமைக்கும்போது வாயில் போடுவது, டிவி பார்க்கும்போது கச்சான். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுதான். குழாய் வயிறு அடைப்பது கெட்டி உணவை ஒரே வேளையில் நிறையச் சாப்பிடும்போதுதான். கொறிப்பதை அது தடுக்காது. பதினெட்டாம் மாதம் எடை 78 கிலோ.

அவர் உடனே கேட்டது, மறுபடி இரண்டு வாரம் திரவ உணவுக்குப் போகட்டுமா என்று. வயிற்றைச் 'சுருக்கி' முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஒரு பேச்சு சமூக ஊடகங்களில் பரவலாக இருக்கிறது. விரிந்த வயிறு இரண்டு வாரத் திரவத்தால் சுருங்குவதில்லை. மேலும் அது அவர் நன்கு அறிந்த அந்தப் பழைய விரதமேதான்; அதன் முடிவு என்னவாகும் என்பதும் அவருக்கே தெரியும். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

அதற்குப் பதிலாக எது நிலைத்தது, எது சரிந்தது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பஸ்ஸில் தண்ணீர் குடிப்பது நிலைத்திருந்தது. மாத்திரைகளும் அப்படியே. முதல் வாய் புரதம், டம்ளர் இல்லாத மேசை, கோசோங், கார் நிறுத்துமிட நடை எல்லாம் நிலைத்திருந்தன. பசி இருந்தபோதும் இவை ஆடவில்லை. சரிந்தது வேளைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம். பசி இல்லாத காலத்தில் அங்கே எந்தப் பழக்கமும் தேவைப்படவில்லை, அதனால் எதுவும் வைக்கப்படவில்லை. எனக்கு அது நிம்மதி தந்தது. முழுவதும் இடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். காலியாக இருந்தது ஓர் இடம் மட்டும்தான்.

இரண்டு காரியங்களை வைத்தோம். கடைசி இடைவேளைக்கு வேகவைத்த கொண்டைக்கடலையோ கெட்டித் தயிரோ டப்பாவில் இருக்கும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அதைச் சாப்பிட வேண்டும். அது பழகிய பிறகு, எதைச் சாப்பிட்டாலும் தட்டில் வைத்து உட்கார்ந்துதான். அடுப்படியில் நின்றபடி வாயில் போடுவது இதனாலேயே குறைந்தது. உப்பு பார்க்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். இதெல்லாம் போதாமல் எடை ஏறிக்கொண்டே போயிருந்தால் பசியைக் குறைக்கும் மருந்து பற்றி மருத்துவர் பேசத் தயாராக இருந்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உடல் பருமன் நாட்பட்ட நோய்தான் என்பதையும் அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். தேவைப்படவில்லை. இரண்டாம் தீபாவளி, பசியோடு வந்த தீபாவளி, முக்கால் கிலோ ஏற்றத்தோடு கடந்தது. இருபத்து நான்காம் மாதம் எடை 76 கிலோ, எச்பிஏ1சி 6.2, ஹீமோகுளோபின் 12.4.

மற்றவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும்

ஒருவரின் கதைதான் இது. அவருக்கு நிரந்தர வேலை, கடிதத்தை மதித்த நிர்வாகம், கஞ்சியை மாற்றச் சம்மதித்த மாமியார் எல்லாம் அமைந்தன. நாள் கூலிக்குப் போகும் ஒருவரால் கூடுதல் இடைவேளை கேட்க முடியாது. தனியாக இருப்பவருக்கு டப்பா கட்ட ஆளில்லை. எடைக் குறைப்புக்கான இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சத்துக் குறைபாடும், இனிப்பு சாப்பிட்டவுடன் படபடப்பும் வயிற்றோட்டமும் வருவதும் இன்னும் கூடுதல்; அவர்களுக்குத் தே தாரிக்கை ஐந்து மாதம் தள்ளிப்போட நான் சொல்லமாட்டேன்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019 ஆய்வில் இன வாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் அதிகம். 2022இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி, ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 27.5இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அறுவை செய்துகொள்ளும் நம்மவர்கள் இனி கூடுவார்கள். ஷிப்ட் வேலை, வெள்ளிக்கிழமைச் சைவம், தைப்பூச விரதம், மாமாக் கடை எல்லாவற்றையும் அறிந்த பின்தொடர் கவனிப்பு அவர்களுக்கு வேண்டும்.

அக்காவுக்கு இப்போது புதிதாக நெஞ்செரிச்சல் வந்திருக்கிறது. ஸ்லீவ் அறுவைக்குப் பின் இது அடிக்கடி வருவதுதான். எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருக்கிறோம், மருத்துவர் மாத்திரை தொடங்கியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும் என்று நான் சொல்ல, எட்டு மணிக்கு வீடு திரும்பி விடியுமுன் பஸ் பிடிப்பவருக்கு அது எப்படி முடியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பெரிய வேளையை ஆலையின் இரண்டாம் இடைவேளைக்கு மாற்றி, வீட்டில் ஒரு கிண்ணம் பருப்பு ரசத்தோடு நிறுத்திப் பார்க்கிறோம். அத்தைக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.